கேட்டுவிட்டுக் காத்திருந்த அக்கா

அக்கா ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை அடுத்த சொல் பேசமாட்டார். படிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. அவரோடு ஒரு நாள் இருந்து பார்த்திருந்தால் தெரியும். நம்மில் பலரும் கேட்டுவிட்டு நிற்பதில்லை. "சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போய்விடுகிறோம். அக்கா நிற்பார். "துன்னியா தம்பி?" என்று கேட்டு, இடுப்புக் குடத்தைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு நிற்பார். நான் கூச்சக்காரன். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம் என்றால் முடியாது. என்ன சாப்பிட்டேன், யார் சமைத்தது, ருசியாக இருந்ததா என்றெல்லாம் சொல்லாமல் அந்த இடத்தை விட்டுப் போவது ஏதோ தப்பு போலத் தோன்றும். தூரத்தில் அவர் வருவதைப் பார்த்துவிட்டு, சில காலைகளில் வேறு சந்து வழியாகத் தறிக்கூடத்துக்குப் போயிருக்கிறேன்.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் நாங்கள் வேலை செய்தது ஒரே கூடத்தில். ஒரு பக்கம் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஓட்டும் பவர்லூம் தறிகள், மறுபக்கம் நான். உள்ளே நுழைந்தால் சத்தம் மார்பில் இடிக்கும். அங்கே யாரும் காதால் கேட்பதில்லை. உதடு பார்த்துப் படிப்போம், கைச்சாடை காட்டுவோம். எனக்கு அது பிடித்திருந்தது. பேசத் தெரியாத மனிதனுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பள்ளியில் பட்ட பயமெல்லாம் அந்தச் சத்தத்துக்குள் கரைந்து போயிருந்தது.

தெருவில் அவருக்குப் பெயர் புக்கக்கா. பிள்ளை வளர்ப்பது, குடும்பம் நடத்துவது பற்றிய புத்தகங்கள் மட்டும்தான் படிப்பார். பத்தாவது வரை தெலுங்கில் படித்தவர், தமிழும் நன்றாக வாசிப்பார். வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தாலும், அவருக்கு உயிராக இருந்தவை மூன்று. அட்டை கிழிந்துவிடக் கூடாது என்று தறியில் மிஞ்சிய துண்டுத் துணியை வெட்டி மூன்றுக்கும் உறை தைத்திருந்தார். அதனால் அவற்றின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. நீலக்கட்டம், சிவப்புக்கரை, மஞ்சள். அப்படித்தான் சொல்வோம். பிள்ளை பேசுவதைக் கேட்பது எப்படி என்று சொன்னது நீலக்கட்டம். அது தெலுங்கு. வீட்டு வேலையைக் குடும்பமே பங்குபோட்டுச் செய்வது, சேர்ந்து சாப்பிடுவது பற்றியது சிவப்புக்கரை. மஞ்சள், கோபத்தைப் பற்றியது.

யார் கேட்டாலும் இரவல் கொடுப்பார். ஆனால் மஞ்சளை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதைப் புடவைத் தலைப்புக்குள்ளோ சாப்பாட்டுப் பைக்குள்ளோ ஒளித்துத்தான் எடுத்துப் போவார்கள். மஞ்சள் ஒரு வீட்டுக்குள் போனால் அங்கே என்ன நடக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும் அல்லவா?

"மஞ்சளு யார் ஊட்ல கீது இப்போ?" என்று குழாயடியில் யாராவது கேட்பார்கள்.

"எனக்கு இன்னாடி தெரியும்? எங்க ஊட்ல இல்ல. எங்க ஊட்ல சிவப்புதான் கீது."

"ஆமா ஆமா. நேத்து உங்க ஊட்ல தட்டு பறந்துச்சே, அது சிவப்புதானா?"

சிரிப்பில் குடங்கள் வழியும். அக்கா மட்டும் சிரிக்காமல், "தட்டு ஏன் பறந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பார்.

புத்தகத்தில் ஒன்றைப் படித்தால் அதை முதலில் தன் வீட்டில் செய்து பார்ப்பார். மேசையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சிவப்புக்கரையில் போட்டிருந்ததாம். வீட்டில் மேசை ஏது? நூல் வந்த காலிப் பெட்டிகள் இரண்டைப் போட்டு, மேலே ஒரு பலகையை வைத்துவிட்டார். சுற்றிலும், அவர்கள் இருவருக்கும், இரண்டு மகன்களுக்கும் மகளுக்கும் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டுகள். வீட்டுக்காரருக்கு முதுகுவலி. பக்கெட்டில் உட்கார்ந்தவர் முனகினார்.

"தரையில குந்திக்கினு துன்னா புள்ளைங்க கெட்டுப்பூடுமா?"

"தரையில துன்னப்போ, ஒம் பொண்ணு இன்னா பேசுச்சுன்னு ஒனக்கு ஞாபகம் கீதா?" என்றார் அக்கா.

பிறகு காத்திருந்தார். வீட்டுக்காரர் குழம்பு ஊற்றிக்கொண்டார், ரசம் ஊற்றிக்கொண்டார், மோரையும் குடித்து முடித்தார். அக்கா சோற்றில் கை வைக்கவில்லை. கை கழுவப் போகும்போதுதான் அவர் சொன்னாராம், "ஞாபகம் இல்ல. அதுக்காக பக்கெட்லயா குந்தணும்?" மறுநாளிலிருந்து பலகை தரைக்கு இறங்கியது. ஆனால் எல்லோரும் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். இதை என்னிடம் சொன்னவர் வீட்டுக்காரர்தான். திட்டுவது போலச் சொன்னார். ஆனால் அதை எல்லோரிடமும் சொன்னார்.

தறியை ஓட்டத்தில் நிறுத்தி மறுபடி ஓட்டினால், நிறுத்திய இடத்தில் துணியில் குறுக்கே மெல்லிய கோடு விழும். வேட்டித் துணியில் அது நன்றாகவே தெரியும். அதனால் நாங்கள் யாரும் காரணமில்லாமல் தறியை நிறுத்த மாட்டோம். பிள்ளை வந்து சட்டையைப் பிடித்து இழுத்தால் முழங்கையால் தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டிருப்போம். அக்கா நிறுத்துவார். பள்ளி விட்டு வந்த சின்ன மகன் எதையோ கேட்கப் பக்கத்தில் வந்து நின்றதும் கைப்பிடியைத் தள்ளி நிறுத்திவிட்டு, குனிந்து, அவன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். ஒரு நாள் மேஸ்திரி துணியை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இன்னாம்மா இது, வரி வரியா கீது? எதுக்கு நிறுத்தன?"

அக்கா துணியை வாங்கிப் பார்த்தார். ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இங்க, யானைக்கு எத்தினி பல்லுன்னு கேட்டான்." அடுத்த கோட்டுக்கு விரல் நகர்ந்தது. "இங்க, செத்துப்போனா வலிக்குமான்னு கேட்டான்."

மேஸ்திரி துணியைத் திரும்ப வாங்கி மடித்தார். பிறகு, "யானை கேள்விக்கு நிறுத்தாம சொல்லக் கூடாதா?" என்றார்.

அந்த நாட்களில் கோடையில் பிற்பகல்களில் கரண்ட் போகும். இப்போது அவ்வளவாகப் போவதில்லை. போனதும் நகரி முழுக்க ஒரே நேரத்தில் தறிகள் நிற்கும். அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் காதுக்குள் ஒரு ரீங்காரம் இருக்கும். அது மெல்ல மெல்ல வடிந்து, எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருவது போல ஒவ்வொரு சத்தமாகக் காதுக்கு வந்து சேரும். ஒரு காக்கை. யாரோ ஒருவர் வீட்டுக் குக்கர். ஸ்டேஷனில் நின்று கிளம்பும் ரயில். மூக்குமலை வெயிலில் வெளிறி, யாரோ வானத்தைப் பார்த்துப் படுத்துத் தூங்குவது போலக் கிடக்கும். நாங்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்காருவோம். ஒருவருக்கும் பேச வராது. குரலை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்றே மறந்து போயிருக்கும். யாராவது வாயைத் திறந்தால் ஊருக்கே கேட்கும்படி கத்திவிட்டு, பிறகு வெட்கப்படுவார்கள்.

அப்போதுதான் அக்கா புத்தகத்தோடு வருவார். நீலக்கட்டத்தைத் திறந்து, தெலுங்கை மனதுக்குள் படித்து, எங்களுக்குத் தமிழில் சொல்வார். குரல் மிகத் தாழ்வாக இருக்கும். பிள்ளைகள் எங்கள் மடியிலும் தோளிலும் சாய்ந்துகொள்வார்கள். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நானும் தூங்கியிருக்கிறேன். ஆனால் தூக்கத்துக்குள்ளும் அந்தக் குரல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வீடு, அதில் ஒரு பிள்ளை, பிள்ளை ஏதோ சொல்கிறது, யாரோ கேட்கிறார்கள் என்று கனவா கதையா என்று தெரியாமல் ஓடும். விழித்துப் பார்த்தால் என் கை மகளின் தலைமேல் இருக்கும்.

நீலக்கட்டம் அக்காவுக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் ஒரு கதை. மாதம் ஒருமுறை திருப்பதியில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவார். பஸ் ஸ்டாண்டு அருகே நடைபாதையில் ஒருவர் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பார். அங்கே இந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, அந்த ஆளிடம் தெலுங்கில், "நுவ்வு சதிவினாவா?" என்று கேட்டாராம். நீ படித்தாயா என்று. கேட்டுவிட்டு நின்றிருக்கிறார். புத்தகக்காரர் வேறு ஆட்களுக்குப் புத்தகம் கொடுத்தார், டீ வாங்கிக் குடித்தார், அக்கா அங்கேயே நின்றார். கடைசியில், வீட்டில் மூன்று பிள்ளைகள், எங்கே படிக்க என்று அலுத்துக்கொண்டாராம். "மூணு புள்ளையா? அப்போ நீதான் மொதல்ல படிக்கணும். நான் அடுத்த மாசம் வரேன்" என்று புத்தகத்தை அவர் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டார் அக்கா. அடுத்த மாதம் போனால் அந்த ஆள் புத்தகத்தைப் பரப்பில் வைக்கவில்லை. பின்னால் பையில் இருந்தது. கேட்டதற்கு, "அதி அம்மேதி காதம்மா" என்றாராம். அது விற்பதற்கு இல்லை அம்மா. அக்காவுக்குக் கொள்ளை சந்தோஷம். பிறகு அந்த மனிதரே எங்கோ தேடி இன்னொரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் எங்கள் நீலக்கட்டம்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், அக்காவுக்குத் தப்பே நேராது என்று நினைப்பீர்கள். அவருடைய பெரிய மகன் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். திடீரென்று பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். வீட்டுக்காரர் அடிக்கக் கை ஓங்கினார். அக்கா தடுத்துவிட்டு, "ஏன் போவ மாட்டேங்கற?" என்று கேட்டார். பிறகு வழக்கம்போலக் காத்திருக்க ஆரம்பித்தார். சாப்பாடு போடும்போதும், துணி மடிக்கும்போதும், அவன் படுக்கும்போதும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாட்கள் போயின. ஒரு பிற்பகலில், கரண்ட் போய் நாங்களெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, அவன் எல்லோர் முன்னாலும் வெடித்தான்.

"நைனா அடிச்சாக்கூட ஒரு வாட்டிதாம்மா வலிக்கும். நீ கேட்டுட்டு மூஞ்சியே பாத்துக்கினு கீறியே, அது நாள்பூரா வலிக்குது!"

அக்கா புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். அவர் முகம் சுருங்கிப் போவதை அன்றுதான் பார்த்தேன். அன்று படிக்கவில்லை. அதன் பிறகு பல நாட்கள் புத்தகம் வெளியே வரவில்லை.

பிறகு ஒரு நாள் பார்த்தேன். அறுந்த பாவு நூல்களை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் பெரியவன் நூலைத் தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அக்கா கண் முழுக்க நூலில் இருந்தது. ஏதோ கேட்டார் போல. தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. வெகு நேரம் இருவர் கைகளும் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. பிறகு அவன் உதடு அசைந்தது. ஒரு வாத்தியார் எல்லோர் முன்னாலும் அவனைச் சொன்ன ஒரு சொல், அதுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. அடுத்த கரண்ட் கட்டுக்கு நீலக்கட்டம் மறுபடி வந்தது.

"புக்குல மூஞ்ச பாத்துக் கேளுன்னு போட்டுக்குது," என்றார் அக்கா. "எம் புள்ளைக்கு அது ஒத்துக்கல. கையில எதுனா வேல வெச்சிக்கினு கேளுங்க. கண்ண வேற எடத்துல வைங்க. காத மட்டும் அங்க வைங்க."

என் மகள் ஐந்தாவது முடித்த கோடை அது. திருப்பதியில் விடுதியோடு இருக்கும் ஒரு பள்ளியில் அவளுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. சித்தூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் மச்சான்தான் அலைந்து வாங்கித் தந்தான். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ உட்கார்ந்துகொண்டது. மகள் என்னைப் போலவே பேசாதவள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. யாராவது அவளைக் கேட்டால் பக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவர் பதில் சொல்லிவிடுவார்கள்.

"போவாம இன்னா? அவளுக்கு படிப்புன்னா உசுரு," என்பாள் என் மனைவி. அவள் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"மாமா, திங்கக்கெழமைக்குள்ள சொல்லிடணும். இல்லன்னா சீட்டு வேற யாருக்கோ பூடும்," என்று போனில் மச்சான்.

நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் நான் அவ்வளவுதான் பேசுவேன்.

அந்த வாரம் ஒரு கரண்ட் கட்டில் அக்கா என் பக்கம் திரும்பினார். "பாப்பா ஆஸ்டலுக்குப் போவுதாமே. அதுக்கு இஷ்டமா தம்பி?"

"போவாக்கா. இன்னா சொல்லப் போறா?"

"இன்னா சொல்லப் போறான்னு கேக்கல. இஷ்டமான்னு ஒனக்குத் தெரியுமா?"

காத்திருந்தார். கண்ணை என்மேல் வைக்கவில்லை. உறைத் துணியில் பிரிந்த நூலை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். நான் மலையைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன். நல்லவேளை, கரண்ட் வந்தது. ஊரே இரைய ஆரம்பித்தது. தப்பித்தோம் என்று உள்ளே ஓடி என் தறியைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால், கூடத்தின் மறுபக்கத்தில் அக்கா. ஊடு நூலோடு தறிநாடா இப்படியும் அப்படியும் பறக்கும் சத்தத்துக்கு நடுவே அவர் உதடு மட்டும் அசைந்தது. தெரியுமா?

தெரியாது என்று நான் தலையாட்டினேன். அக்காவும் தலையாட்டிவிட்டுத் தன் தறிக்குத் திரும்பினார். அதற்கு மேல் அவர் கேட்கவே இல்லை.

ஆடி பிறப்பதற்குள் அக்கா குடும்பம் சித்தூருக்குக் குடிபோய்விட்டது. வீட்டுக்காரருக்கு அங்கே வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது. லாரியில் சாமான் ஏற்றிய அன்று தெருவில் இரவல் போயிருந்த புத்தகங்கள் எல்லாம் திரும்பி வந்தன. மஞ்சள் மட்டும் வரவில்லை. "யாருக்கோ வேணும்போல கீது, இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சித்தூருக்குப் போகும்போதெல்லாம், பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தில், யாரோ ஒரு பெண் சும்மா நின்றுகொண்டிருந்தால் திரும்பிப் பார்க்கிறேன்.

அக்கா ஊரைவிட்டுப் போவதற்கு முன்பு, மச்சான் கெடு வைத்திருந்த அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் அமாவாசை. அமாவாசைக்கு எங்கள் பக்கம் தறி ஓடாது. மனைவியின் அண்ணன் விதைப்புக்காக வேர்க்கடலை மூட்டை ஒன்றை உரிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் மகளும் வீட்டுக் கூடத்தில் கடலையைக் கொட்டி வைத்து உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. கடலைத் தோல் உடையும் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிடலாம் போல இருந்தது.

"கண்ணு," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஆஸ்டலுக்குப் போறதுக்கு ஒனக்கு இஷ்டமா?"

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு உரித்தது. நான் கடலையைப் பார்த்துக்கொண்டே உரித்தேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கேள்வி இது? அவ போவா..."

நான் கையை உயர்த்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை நான் நிறுத்தியதில்லை. திகைத்துப் போய் உள்ளே போய்விட்டாள்.

தோல் குவிந்துகொண்டே போனது. கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. பரவாயில்லை விடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஆசையாகவும் இருந்தது.

"போறேன் நைனா," என்றாள்.

"சரி கண்ணு," என்றேன்.

"பாத்தியா! இப்டித்தான் சொல்லுவ." கையிலிருந்த கடலையைக் கீழே போட்டாள். "அங்க நாயித்துக்கெழம மட்டும்தான் போன் குடுப்பாங்களாம். பாதி நாயித்துக்கெழம அம்மாக்கு டூட்டி. நீதான எடுப்ப? எடுத்து சரின்னுவ, வெச்சிடுவ. இங்க இருந்தா நீ பேசலன்னாகூட நான் ஒன்னப் பாத்துக்கினு இருப்பேன். போன்ல நீ பேசலன்னா நான் இன்னா பண்றது?"

இத்தனை நாளும் அவள் தொண்டையில் சோறு இறங்காமல் செய்தது இதுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கடலையை உரிக்க ஆரம்பித்தாள். காத்திருந்தாள்.

"இன்னா பேசறதுன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது கண்ணு," என்றேன்.

"எதுனா. இன்னா துன்னேன்னு சொல்லு. யார் வந்தாங்கன்னு சொல்லு." கையைக் காதில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் கடலைக் குவியல்தான் இருந்தது. "அலோ, நைனாவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் கையைக் காதில் வைத்தேன்.

"ஆங். நைனாதான் பேசறேன்."

"சொல்லு நைனா."

"இங்க அமாவாச. தறி ஓடல. உங்கம்மா ஒலையில அரிசி போட்டுட்டா. கொழம்புக்கு இன்னும் ஒண்ணும் ஆவல. எதிர் ஊட்டு ஆடு குட்டி போட்டுக்குது, ரெண்டு. ஒண்ணு கறுப்பு. அது இன்னும் நிக்கத் தெரியாம உழுந்து உழுந்து எழுந்துக்கினு கீது. அப்பறம்... நேத்து எனக்குத் தூக்கம் வர்ல. நீ பூட்டா ஊடு எப்டி இருக்கும்னு நெனச்சிக்கினே கெடந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் காதிலிருந்து கையை எடுத்தாள்.

"வெச்சிடாத கண்ணு," என்றேன். "இரு, இன்னும் கீது."